கூப்பிட்டால் வராத நாய்

"வாடா" என்று என் மாமனார் கூப்பிட்டால் அந்தக் கோம்பை நாய் எழுந்து நின்று, சோம்பல் முறித்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பவும் படுத்துக்கொள்ளும். செம்பட்டை உடம்பும் கரி பூசிய மூஞ்சியுமாக அது படுத்திருந்த கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது எங்கள் மலைமேல் சோளக்காடு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்ச் சனங்கள், தங்கள் வீட்டு நாய் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று பெருமையாகப் பேசிச் சிரிக்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. சிரிக்கிற சங்கதியா அது?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. முந்தின வருசம் மழை பொய்த்து, விதைச் சாமையில் பாதியைத் தின்றுதான் உயிர் பிழைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். இந்த வருச வெள்ளாமையைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டால், மாமனார் கீழே இறங்கி, புளியஞ்சோலைப் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் ஆளாக நிற்க வேண்டியதுதான். தலையெடுத்த நாள் முதல் தன் காட்டைத் தவிர இன்னொருத்தர் காட்டில் கூலிக்கு இறங்காத மனுசர். அதனால்தான் பன்றிக்கு அஞ்சாத சாதி என்று கேள்விப்பட்டு, மிளகு வாங்க வந்த தெற்கத்தி வியாபாரியிடம் மழை பொய்த்த வருசமே சொல்லிவைத்து அந்தக் குட்டியை வாங்கி வளர்த்தார்.

அஞ்சாத சாதிதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் துரத்தப் போனால் திரும்பி வராது. ஒரே பன்றியின் பின்னால் காடு காடாக ஓடும். இந்தப் பக்கம் மற்ற பன்றிகள் குடும்பத்தோடு வந்து சாமையை மிதித்துத் தின்னும். மாமனார் வரப்பில் நின்று தொண்டை கட்டும்வரை கூப்பிடுவார். கருவாட்டுத் துண்டைக் காட்டிப் பழக்கினார். கயிற்றில் கட்டி இழுத்துப் பழக்கினார். கருவாட்டைத் தின்னும், கயிற்றைக் கடிக்கும். பக்கத்துக் காட்டுக்காரர், "ஏனுங்க மாமா, நாலு சாத்து சாத்துங்க, தன்னால வழிக்கு வரும்" என்பார். "அது மனசுக்குத் தோணோணும் சாமி" என்பதோடு சரி, மாமனார் கை ஓங்கமாட்டார். எனக்கு ஆத்திர ஆத்திரமாக வரும். இருக்கிற கஞ்சியில் அதற்கும் ஒரு பங்கு ஊற்றுகிறவள் நானல்லவா!

அறுப்புக்கு நாள் பார்த்திருந்த சமயத்தில் நாய் மறுபடியும் ஓடிப்போயிற்று. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அது திரும்பியபோது சாமைக்காட்டில் ஒரு கதிர் மிஞ்சவில்லை. மாமனார் கிட்டே போய் உட்கார்ந்து, அதன் காதில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினார். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கீழே புறப்பட்ட அன்று கம்பளியை மடித்துத் தோளில் போட்டார். நான் பொறுக்கமாட்டாமல், "இந்தச் சனியனையும் கையோட கூட்டிட்டுப் போயிருங்க மாமா" என்றேன்.

அவர் நாயைப் பார்த்தார். அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாங் கண்ணு. அங்க கூப்பிட்ட ஒடனே ஓடோணும். இதுக்கு அது வராது" என்றார். கம்பளியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் பழகிக்குவேன்" என்றார்.