மணலில் புதைந்த கல்யாண வண்டி

மாப்பிள்ளையே போய்ப் பெண்ணை அழைத்து வருவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. ஆனாலும் வண்டிக்கு ஏதாவது ஆனால் பார்க்க ஆள் வேண்டும் என்று முதலாளி தேவராஜ் மாப்பிள்ளையான என்னையும் ஏற்றிக்கொண்டார். தாம்பரத்தில் அவருடைய டயர் கடையில் நான் ஃபிட்டர். பெண் ஆரோக்கியம் டீச்சர். அவள் வீடு கோவளத்தைத் தாண்டி ஒரு கடற்கரைக் குப்பத்தில்.

வண்டி முதலாளியின் செல்லப்பிள்ளை. ஃபோர் வீல் ஸ்டேஷன் வேகன். அறுபதுகளில் சொகுசு ஜீப் என்றால் அதுதான். பழைய மொட்டை டயரே இருக்கட்டும், மணலில் பல் வைத்த டயர் தோண்டும் என்று முந்தின நாளே சொன்னேன். அவருக்குத் தெரியாததா?

"நம்ம கடைப் பையன் கல்யாணத்துக்கு மொட்டை டயரா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

கட்டை கட்டையாகப் பல் வைத்த புது பட்டன் டயர்களை மாட்டி, ஓரத்தில் வெள்ளை பெயின்ட்டும் அடித்தார். என்னைவிட டயர்தான் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

போகும்போது காலி வண்டி, எப்படியோ போய்விட்டது. திரும்பும்போது பெண், அவள் அப்பா, அம்மா, சீர்ப் பெட்டி. குப்பத்தைத் தாண்டவில்லை, வண்டி அச்சு வரை புதைந்துவிட்டது. தாம்பரம் சர்ச்சில் எங்கள் கல்யாணப் பூசையை முடித்துவிட்டுச் சாமியார் வெளியூர் போகிறார். மறுநாள் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். இன்று விட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது.

கொஞ்சம் காற்றை இறக்கினால் டயர் பரந்து மேலே வந்துவிடும் என்று கெஞ்சினேன்.

"ஊரே பாத்துகினு கீது. புது டயரு சப்பையா கீதுன்னு நம்ம கடைய நாறடிச்சிடுவான்" என்றார் முதலாளி.

குப்பத்து ஆட்கள் படகு தள்ளுவது போலத் தள்ளினார்கள். வண்டி இன்னும் இறங்கியது. அப்போது ஆரோக்கியம் முக்காட்டிலிருந்து கொண்டை ஊசி ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

"சார், நீங்க கொஞ்ச நேரம் கடலப் பாருங்க."

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, கைகட்டிக் கடலைப் பார்த்து நின்றார். கோட்டும் சூட்டுமாக மணலில் மண்டியிட்டு வால்வு மூடிகளைக் கழற்றி, ஊசியால் அழுத்திக் காற்றை இறக்கினேன். வண்டி சாதுவாக ஏறி வந்தது. குப்பமே விசிலடித்தது. தார் ரோட்டில் கைப் பம்பால் காற்றடித்துப் பறந்தோம்.

அதன்பிறகு எவ்வளவு பெரிய வண்டிக்காரர் வந்தாலும், எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்காமல் நான் டயர் எடுத்துக் காட்டியதில்லை. சேற்றுக்குப் பல் வேண்டும், மணலுக்கு அகலம் வேண்டும். கௌரவத்துக்கென்று தனி டயர் கிடையாது.

சாமியார் கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். மோதிரத்துக்காக அவர் கை நீட்டினார். கோட்டுப் பையில் கைவிட்டு எடுத்து வைத்தேன். அவர் உள்ளங்கையில் மோதிரத்தோடு நாலு வால்வு மூடிகளும் விழுந்தன.

"தம்பி, இதுல எத மந்திரிக்கிறது?" என்றார் சாமியார்.

ஆரோக்கியம் குனிந்த தலை நிமிராமல் என் காதருகே சொன்னாள்: "மூடி போடாமலா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"