ரெஜினாவின் தகப்பனார் இருந்த படச்சுருள்

பருத்தித்துறைச் சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது ரெஜினாவின் தங்கை போனில் கூப்பிட்டாள். "அக்கா விடியவே போயிட்டா." மீனை விட்டுவிட்டு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அழுகையை விடப் பயமே எனக்கு அதிகமாக இருந்தது.

ரெஜினாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவள் விஞ்ஞானம், நான் தமிழ். கறுப்பு வெள்ளைப் படமெடுத்து, குருநகர் வீட்டுக் குசினியில் தானே கழுவுவாள். கிணறு உவர் என்பதால் பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரைத்தான் அதற்குச் சேர்த்து வைப்பாள். "படம் கழுவுற மருந்து உள்ளுக்கை மிஞ்சினால் நாள் போகப் போகப் படத்தைத் தின்னுமடி" என்பாள். அந்த மருந்து போக ஆறு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம். எனக்கு அந்தச் செபம் தெரியாதே என்றேன்.

"தேவாரம் பாடன். தண்ணிக்குச் சமயம் தெரியுமே?"

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தகப்பனாரை ஒரு சுருள் முழுவதும் எடுத்திருந்தாள். அதைக் கழுவும்போது அவருக்கு மூச்சு முட்டுகிறதென்று தங்கை கத்தினாள். "நீ கழுவி முடி" என்று ரெஜினா ஓடினாள். வாளியில் தண்ணீர் தாராளமாக இருந்தது. எனக்குத்தான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். இரண்டு தடவை மாற்றிவிட்டுக் கொடியில் தொங்கவிட்டேன்.

"ஆறும் மாத்தினனியோ?" திரும்பி வந்த ரெஜினா கேட்டாள்.

"ஓம்."

அந்தக் கிழமையே அவர் இறந்துபோனார். சில வருடம் கழித்துச் சுருளை எடுத்துப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் அவருடைய முகத்தின் மேல் மஞ்சள் படர்ந்திருந்தது. "மருந்தை நான்தான் பிழையாக் கலந்திட்டன். அப்பாவை நானே அழிச்சுப்போட்டன்" என்று என் தோளில் விழுந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதன் பிறகு அவள் கமராவைத் தொடவில்லை.

செத்த வீட்டிலும் ஒருவர் அதையே கதைத்தார். "தேப்பன்ரை படத்தைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு கடைசிவரை சொல்லி அழுதவ." அவருக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். கோழை.

ஆகவே அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். ரெஜினா மருந்தைச் சரியாகத்தான் கலந்தாள். அந்தச் சுருளைக் கெடுத்தது நான். உயிரோடு இருந்தபோது அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன். அவளுடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: தன் கையைச் சந்தேகித்தவள், என் வாய்ச்சொல்லை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.