காப்புக் கட்டிய வாரம்

எதிர்வீட்டு வாசலில் இன்று காலை வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தார்கள். குழந்தைக்கு அம்மையாம். அந்தக் கசந்த மணம் எட்டியதும், இண்டூரில் ஏழு வயதுச் சிறுமியாக நிற்கிறேன்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் தங்கை செல்விக்கு அம்மை வார்த்தது. மூன்றாம் நாள் மூச்சு இரைக்கத் தொடங்கியது.

"தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாங்க," என்று அம்மா கெஞ்சினாள்.

தீ மிதிக்க நோன்பிருந்த அப்பா, மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிற்றைக் காட்டினார். "காப்பு கட்டுனப்புறம் இந்த வூட்ல யாரும் ஊரெல்லய தாண்டக் கூடாது. வந்திருக்கறது ஆத்தா. அவளே எறங்கிருவா, சும்மா இரு புள்ள."

மறுநாள் உச்சிவேளையில் செல்வி இறந்தாள். அம்மன் அழைத்துக்கொண்ட உயிருக்காக அழுதால் அவள் சினம் ஊரையே சூழும் என்பது ஊர் நம்பிக்கை. அலற வாயெடுத்த அம்மாவின் வாயை அப்பா பொத்தினார். அவர் கண்களில் நீர் வழிந்தது. கை மட்டும் தளரவில்லை.

எழுபது வயதான அம்மா, இன்றும் ஆண்டுதோறும் திருவிழாவில் பம்பை முழங்கும்போது கூட்டத்தின் நடுவே நின்று ஓவென்று கதறுகிறாள். அருள் வந்துவிட்டதென்று எண்ணிப் பெண்கள் அவள் காலில் விழுந்து வேண்டுகிறார்கள்:

"எம் புள்ளய காப்பாத்து ஆத்தா!"