கயிறு பிடிக்க வந்தவன்

“...அதுக்குன்னு, சாமியே இல்லன்னு சொல்லுதவன் கையில என் உசிரக் குடுக்கச் சொல்லுதீயளோ அண்ணாச்சி?” என்று படகோட்டியிடம் கேட்கிறார் சேவியர். திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்க வந்த படகில் வேடிக்கை பார்க்க ஏறிய நான், ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். கரை மறைந்துவிட்டது. கடலும் வானமும் ஒரே பால்நிறம். படகு எதன்மேல் நிற்கிறது என்றே தெரியவில்லை.

மூழ்குகிறவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தான் பிடிப்பதுதான் இந்தக் கரை வழக்கம். அக்கா தாலியறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும் என்கிறார்கள். எப்போதும் சேவியரின் கயிற்றைப் பிடிக்கும் பெரிய மச்சினனுக்கு இன்று காய்ச்சல். வந்திருப்பவன் சின்னவன் ராயப்பன். கோயில் பக்கமே போகாதவன். போன மாதம் மீனவர் சங்கத் தேர்தலில் நின்றவனை, அதைச் சொல்லியே தோற்கடித்திருக்கிறார்கள்.

“நீ கீழ இருந்து கயித்த அசைச்சா, இவன் யாரலே கூப்பிடுவான்?” என்று சிரிக்கிறார் படகோட்டி.

“ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன், இழுப்பேன்,” என்கிறான் ராயப்பன். “அண்ணன் கண்ண மூடி ஜெபம் பண்ணுவான். நான் கண்ண மூட மாட்டேன் அத்தான்.”

எனக்கும் சிரிப்பு வருகிறது. சேவியர் சிரிக்கவில்லை. தண்ணீரையே வெகுநேரம் பார்க்கிறார். அடியில் வெளிச்சம் தூக்கத்தில் புரள்வதுபோல அசைகிறது. சிலுவை போட்டுக்கொள்கிறார். பிறகு கயிற்றின் நுனியை ராயப்பனின் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பார்த்துவிட்டுக் கடலுக்குள் இறங்குகிறார்.