ஊர்ப் பெயரில் மூன்று ‘த’

எனக்கு வாய்த்திமிர் உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். படியில் ஒரு காலை வைத்து, “தூத்துக்குடி, தூத்துக்குடி, தூத்துக்குடியேய்!” என்று கூப்பிட்டேனென்றால் டீக்கடையில் இருப்பவன் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான். அந்த ரூட்டில் அப்படி ஒரு தொண்டை வேறு எவனுக்கும் கிடையாது.

எழுபதுகளின் நடுவில், நாற்பத்திரண்டு வயதில், ஈறு கெட்டு மேல்வரிசைப் பல்லெல்லாம் ஆடத் தொடங்கியது. மில்லர்புரத்துப் பல் டாக்டர் ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டார். ஈறு நன்றாக ஆறிய பிறகுதான் பல்செட்டுக்கு அளவெடுப்பாராம். அதுவரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், கஞ்சிதான் சாப்பாடு, புண் ஆறும் மட்டும் விசில் ஊதவே கூடாது. விசிலுக்குப் பதில் பஸ் தகரத்தைத் தட்டிச் சமாளித்தேன்.

ஊர்ப் பெயரைத்தான் சொல்ல முடியவில்லை. ‘த’ சொல்ல நாக்கு மேல்பல்லைத் தொட வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரிலோ மூன்று ‘த’. வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. டிரைவர் அண்ணாச்சி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“டூட்டிகோரின்னு கூப்பிடும் வே. அதுக்குப் பல்லு வேண்டாம்லா.”

வாஸ்தவம்தான். ‘ட’வுக்கு அண்ணம் போதும். ஆபீஸ்காரர்கள் சொல்லும் அந்தப் பெயரையே நானும் கூவினேன். பிறந்த ஊரை வெள்ளைக்காரன் மாதிரி கூப்பிட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

வாழையிலை வியாபாரி ஒருவர் தினமும் ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் பஸ்ஸில் கட்டுகளை ஏற்றித் தூத்துக்குடி ஓட்டல்களுக்குக் கொண்டுபோவார். இரண்டு கண்ணிலும் புரை. போர்டெல்லாம் தெரியாது, என் குரலைக் கேட்டுத்தான் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வருவார். நான் பெயரை மாற்றிக் கூவிய முதல் நாள் அவர் ஏறவில்லை. கூட்டத்தில் நானும் கவனிக்கவில்லை. மறுநாள் ஆளாளிடம் விசாரித்து ஏறியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து என் கட்டு பூரா வாடிப் போச்சுலே! பழைய கண்டக்டர் எங்க? அவன் கூப்பிட்டா செத்தவனும் எந்திரிச்சு வருவான். உன் வாயில என்ன, கொழுக்கட்டையா?”

அந்தப் பழையவன் நான்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நானே மரத்தடிக்குப் போய் அவரைக் கையைப் பிடித்து ஏற்றினேன். ஆனாலும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. என் குரலை அவர் காதில் மறுபடி விழ வைக்காவிட்டால் நான் என்ன கண்டக்டர்?

ஒரு வழியாகப் பல்செட் வந்தது. முதல் வாரமே ஈறில் ஒரு இடம் உரசிப் புண்ணாகிவிட்டது. கோபத்தில் அரத்தை எடுத்துச் செட்டை நானே ராவப் போனேன். என் மனைவி பிடுங்கிக்கொண்டு டாக்டரிடம் அனுப்பினாள்.

“நீங்களா ராவினா செட்டு பாழ். வலிக்குற இடத்தைக் காட்டுங்க, நான் ராவித் தாரேன்,” என்றார் அவர். ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்க, வெந்நீர் கூடாது, தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிங்க என்றும் சொல்லி அனுப்பினார்.

பேப்பர் எனக்குப் போதவில்லை. தினமும் முதல் டிரிப்புக்கு முன்னால் விடியற்காலையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அவள் தள்ளிப் போய் நிற்பாள், நான் கத்துவேன்.

“இன்னும் தூச்சுக்குடின்னுதான் வருது!” என்பாள்.

“ஒங் காதுலதான் கோளாறு!” என்று எரிந்து விழுவேன். அவள் அசையவே மாட்டாள். வலை காயப்போட வந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். மூன்றாவது வாரம், கரையேற்றி வைத்திருந்த கடைசி வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றவள் கையை உயர்த்தி ஆட்டினாள். மூன்று ‘த’வும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

அன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் நான் மரத்தடிக்குப் போகவில்லை. படியில் காலை வைத்தேன். “தூத்துக்குடி, தூத்துக்குடி, தூத்துக்குடியேய்!”

வியாபாரி எழுந்தார். யாரையும் கேட்காமல், தலையில் கட்டோடு நேராக என் பஸ்ஸைப் பார்த்து வந்தார். படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

“வந்துட்டியாலே! அந்தப் பொக்கைவாயனத் தூக்கிட்டானுவளா?”

“தூக்கியாச்சு அண்ணாச்சி,” என்றேன். தினமும் போகிற மனிதர்தான், கேட்கத் தேவையே இல்லை. இருந்தாலும் கேட்டேன்: “தூத்துக்குடிக்குத்தானே?”