அம்மா என்று கூப்பிட விடாதவர்

எங்கள் வீட்டுக்கும் பியூலா அக்கா வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய அந்த இடைவெளிதான் இத்தனை காலமும் இரண்டு வீட்டுக்கும் வாசல். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தர்சினி அதனடியில் வந்து நின்றாள். வழக்கமாக "அன்ரி" என்று கூப்பிட்டபடியே உள்ளே வந்துவிடுகிறவள், அன்று அந்தப் பக்கமே நின்றாள்.

"ரீச்சர் எங்களை விட்டுப் போட்டா, அன்ரி. அம்மா தேத்தண்ணி கொண்டு போனவ. நித்திரை எண்டுதான் நினைச்சவ."

அடுப்பை அணைத்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. போய்ப் பார்த்தபோது தர்சினியின் தாய் கலா, அக்காவின் தலைமாட்டில் இருந்து தலைமயிரைச் சீவிக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டு அழவில்லை. அவிழ்ந்திருந்த கொண்டையைத் திருப்பி முடிந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, "ரீச்சர் ஆக்களுக்கு முன்னாலை உப்பிடி இருக்க மாட்டா" என்றாள்.

தெல்லிப்பழையில் பியூலா ரீச்சரிடம் அரிவரி படிக்காத வீடு குறைவு. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவர் கையால் ஒரு குட்டும் பிறகு ஒரு இனிப்பும் கிடைத்திருக்கும். தேவாலயத்தில் மூன்றாவது வாங்கில், மின்விசிறிக்கு நேர்கீழே இருப்பார். அந்த இடத்தில் வேறு யாராவது இருந்துவிட்டால் அன்றைய பிரசங்கம் அவருக்குப் பிடிக்காது. கலியாணம் செய்யாதவர். நானோ மூன்று பெற்றவள். தாய்மையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தெம்பாக இருந்தேன். பக்கத்து வீட்டைப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்தத் தெம்பு போய்விட்டது.

கலா வடக்குக் கரையில் மீன்பிடிக் குடும்பம். ஊரைவிட்டு இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்து முகாமில் இருந்தார்கள். புருஷன் ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அவள் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வருவாள்; முன்னால் கூடைக்குள் தர்சினி இருப்பாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தபோது பிள்ளையை விட்டுப்போக அவளுக்கு ஓர் இடமும் இருக்கவில்லை. மீன் வாங்குகிற வீட்டில்தான் கேட்டாள். "ரெண்டு வருசம், ரீச்சர்" என்றாள். அக்கா அரைவாசி வெட்டிய பாரை மீனைச் சட்டியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினார். யோசிக்க ஒருநாள் தா என்றுகூடக் கேட்கவில்லை.

முதல் வருடம் போன் வந்தது. பிறகு நின்றுவிட்டது. கொழும்பு ஏஜென்சிக்கு எத்தனை தரம் எடுத்தாலும் பதில் இல்லை. சொன்ன தவணை தாண்டியது. கலா இனி வரமாட்டாள் என்று ஒழுங்கை முழுவதும் முடிவு செய்துவிட்டது. நானும்தான்.

அந்த நாள்களில் ஒரு பின்னேரம் தர்சினி முற்றத்தில் ஓடிவந்து அக்காவின் சேலையைப் பிடித்து "அம்மா" என்றாள். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியிருப்பாள். நான் பொட்டடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா குந்தியிருந்து பிள்ளையின் முகத்தைக் கையில் ஏந்தினார்.

"நான் ரீச்சர், குஞ்சு. உனக்கு அம்மா இருக்கிறா. தூரத்திலை இருந்து உன்னைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

பிள்ளை சரி என்று விளையாடப் போய்விட்டது. அக்கா குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அக்கா, ஒருக்காக் கூப்பிட்டால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"எனக்கு ஒண்டும் குறையாது. கலாவுக்குக் குறையும்."

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாமே கலாவின் பெயரில் நடந்தது. புதுச் சட்டை தைத்தால் அம்மா தைக்கச் சொன்னவ. காய்ச்சலுக்குக் கசாயம் குடிக்க மறுத்தால் அம்மா குடிக்கச் சொன்னவ. இது பொய்யில்லையா என்று நான் கேட்டேன். வேதப்பாடம் படிப்பிக்கிற மனுசியிடம் கேட்கக்கூடிய கேள்விதானே. "அவளுக்கு வாய் எட்டேல்லை. எட்டினால் இதைத்தான் சொல்லுவாள்" என்றார். மறுபேச்சுக்கு இடமில்லாத ஒரு பார்வை அவரிடம் உண்டு, உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் மச்சம் சமைப்பதை நிறுத்தினார். கலா கோவிலுக்குப் போகிற சனம், அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான் என்று அவருக்குத் தெரியும். அவளே வெள்ளியில் மீன் விற்க வருவதில்லை. மிஷன் காலத்து வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுசி கத்தரிக்காய்க் குழம்போடு வெள்ளிக்கிழமையைக் கழித்தார். அம்மன் கோவில் திருவிழாவுக்கு எதிர்வீட்டுக்காரர் பிள்ளையைக் கூட்டிப்போவார்கள். திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி இருக்கும். அக்கா அதைத் துடைக்கமாட்டார். அப்படியே ஞாயிறு காலை தேவாலயத்துக்கும் வரும். எங்கள் சபையில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் கிடையாது.

சபையார் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்பினால்தான் ஒரு பிழையைச் செய்தார்கள். அன்னையர் ஞாயிறு வந்தது. அன்று எங்கள் சபையில் தாய்மார் எழுந்து நிற்க, பிள்ளைகள் போய்ப் பூக்கொடுப்பார்கள். அக்கா ஆண்டுதோறும் இருந்த இடத்தில் இருந்து கைதட்டுவார். அந்த வருடம் மாதர் சங்கத்தார் ஒரு திட்டம் போட்டார்கள். பியூலா ரீச்சரையும் தாயென்று முன்னுக்கு அழைப்பது, அதே ஆராதனையில் தர்சினிக்கு ஞானஸ்நானம் கொடுப்பது. கேட்டால் கூச்சப்படுவார் என்று அவரிடம் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை தைத்தார்கள். கேக் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த இளம் போதகர், எல்லாம் பேசி முடித்த காரியம் என்று நம்பிவிட்டார்.

"பியூலா ரீச்சரும் மகளும் முன்னுக்கு வாங்கோ" என்று அவர் கூப்பிட்டார். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. சங்கத் தலைவி கையில் அந்தச் சட்டை, தொங்கல் வைத்து, அவ்வளவு வடிவாக. சபை முழுவதும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தது. அக்கா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போனார். தண்ணீரைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஐயா, இந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள். அவளைக் கேக்காமல் குடுக்க வேண்டாம்."

போதகர் மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், அவ உயிரோடை இருக்கிறாவோ எண்டே தெரியாதே."

"ஆண்டவருக்குத் தெரியும். அவர் தாயிட்டையிருந்து பிள்ளையைக் களவெடுக்கிறவர் இல்லை, ஐயா. கலா வரட்டும். வந்து ஓம் எண்டால் நானே கூட்டிக்கொண்டு வாறன்."

எப்போதும் கடைசி வாங்குவரை கேட்கிற அவருடைய குரல் அன்று முன்வாங்கில் இருந்த எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது. எனக்குத் தோளெல்லாம் சிலிர்த்தது. கடவுளுடைய அன்பைப் பற்றி அந்த மண்டபத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த அன்பு ஒருவரிடமும் கேளாமல் எதையும் எடுக்காது என்று அன்றுதான் கேட்டேன், அதுவும் தனக்கென்று ஒன்றும் கேட்கத் தெரியாத ஒரு மனுசியின் வாயிலிருந்து. போதகர் தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த கையை எடுத்து, பிள்ளையின் தலையில் வைத்து, கலாவுக்காக ஜெபித்தார். அந்த இளவயதில் அது பெரிய காரியம்.

பிள்ளையின் கண் சட்டையிலேயே இருந்தது. அக்கா அதைக் கண்டு தலைவியிடம், "வடிவான சட்டை. குடுங்கோ, பரிசளிப்பு விழாவுக்குப் போடட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனாலும் சங்கத்தில் சிலர் அவரோடு நெடுங்காலம் கதைக்கவில்லை. ஓர் ஆத்துமாவை இரட்சிப்புக்கு வராமல் மறிக்கிறார் என்று கதை கட்டினார்கள். அவர் அதே மூன்றாவது வாங்கில் வந்து இருந்தார்.

கலா வந்தாள். போய் ஐந்து வருடத்துக்கும் மேலாகியிருந்தது. வேலை செய்த வீட்டில் போனைப் பறித்துவிட்டார்கள், வெளியே போக விடுவதும் இல்லை. வேறொரு வீட்டுப் பெண் உதவி செய்துதான் தப்பி வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மெலிந்து, கறுத்து, வாசல் படலையடியில் நின்றாள். உள்ளே வரப் பயந்துபோய் நின்றாள் என்று பிறகு சொன்னாள். பிள்ளை தன்னை அறியாது என்ற பயம்.

தர்சினி படலையைத் திறந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். விறாந்தைச் சுவரில் அக்கா மாட்டியிருந்த கலாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவிடம், "அம்மாவோ?" என்றாள்.

"ஓம். அம்மா" என்றார் அக்கா.

சாப்பிட இருத்தினார்கள். நானும் ஒரு கறியைக் கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன். வேதக்கார வீடு, எப்படியும் மீன் இருக்கும், இன்றைக்கு வெள்ளியாயிற்றே என்று கலா சோற்றுக் கோப்பையில் கை வைக்கத் தயங்கினாள். அதைப் பிள்ளை கண்டுவிட்டது.

"சாப்பிடுங்கோ அம்மா. வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் காய்ச்சிறேல்லை. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கலா அப்படியொன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் கோப்பையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். தான் இல்லாத வீட்டில் தன்னை இத்தனை வருடம் யாரோ உயிரோடு வைத்திருந்ததை அந்தப் பெண் அந்த இடத்தில் அறிந்தாள். எழும்பிப் போய் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கறிச்சட்டியோடு வாசலில் நின்று அழுதேன். சட்டியை எங்கே வைத்தேன் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

சில கிழமை அங்கேயே இருந்தார்கள். கலாவுக்கு வேலை இல்லை, வீடு இல்லை. ஒருநாள் தானே சொன்னாள்: "பிள்ளை உங்களோடை இருக்கட்டும், ரீச்சர். உங்களிட்டைத்தான் நல்லாய் இருக்கிறாள். நான் வந்து பாத்திட்டுப் போறன்."

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெற்றவளே தருகிறாளே.

"நான் வளர்த்தது உன்னட்டைக் குடுக்கத்தான், கலா. நீ கஞ்சி குடுத்தாலும் உன்ரை கையாலை குடு."

கலாவும் தர்சினியும் தங்கள் ஊருக்கென்று ஆட்டோவில் ஏறிப் போன பிறகு அக்கா பொட்டால் நுழைந்து என் குசினிக்கு வந்து, பலகைக் கட்டையில் இருந்து அழுதார். மறைக்கவில்லை. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். "நெஞ்சு நோகுது, பிள்ளை" என்றார். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களை எங்கடை பாட்டிலை விட்டுட்டு ஆண்டவரும் இப்பிடித்தான் நொந்துகொண்டு இருப்பார் போலை" என்றார். ஒரு சிறுபிள்ளை புதிதாக எதையோ கண்டு சொல்வது போல, வியப்போடு சொன்னார்.

ஞானஸ்நானத்தைப் பற்றி அவர் கலாவிடம் ஒருபோதும் கேட்கவில்லை. தர்சினி இன்றும் கோவிலுக்குத்தான் போகிறாள். அக்கா படுக்கையில் விழுந்த பிறகு தாயும் மகளும் ஊரிலிருந்து வந்து அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். கலா குளிப்பாட்டுவாள், தர்சினி வேதம் வாசித்துக் காட்டுவாள்.

அடக்கத்தன்று அக்காவின் தம்பி கனடாவிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கலாவின் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டுப் படலையோடு நின்றுவிடுவார்கள். கலா அன்று பெட்டியின் பின்னால் நடந்து எங்கள் சேமக்காலைக்கு வந்தாள். குழியில் இறக்கியதும் போதகர், "பிள்ளையள், சகோதரங்கள் முதலிலை வந்து மண் போடுங்கோ" என்றார். வழமையான சொல். சொன்ன பிறகுதான் அப்படி அங்கே ஒருவரும் இல்லை என்று அவருக்கும் எங்களுக்கும் உறைத்தது.

கலா தர்சினியின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள்.

"போ பிள்ளை. உன்ரை அம்மாவுக்கு மண் போடு."

எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். தர்சினி ஒரு பிடி மண்ணை அள்ளி, குழியின் ஓரத்தில் முழங்காலில் நின்று, கையை உள்ளே நீட்டி, மெல்ல விட்டாள்.

ஆண்டவருக்குப் பயப்படு என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லித் தந்தார்கள். தண்டனைக்குப் பயப்படத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஓர் அன்பைப் பார்த்து, இது என்னால் தாங்கக்கூடியதல்ல என்று பயந்து நிற்க வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த ஒரு மனுசிதான் எனக்குச் சொல்லித் தந்தார். பியூலா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பயம். அது என்னை விட்டுப் போகக்கூடாதென்று இப்போது ஜெபிக்கிறேன்.