ஊஞ்சல் பலகையைக் கழற்றி வைத்தவர்

அண்ணனை வணங்கி இதை எழுதுகிறேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளிடமும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அண்ணன் அமைத்த சிறுவர் பூங்காவைத் திருத்தி, இந்த ஓராண்டு நினைவு நாளில் அவர் பெயரில் மீண்டும் திறக்க வேண்டும் என்று பலர் கேட்டீர்கள். அன்பால் கேட்டீர்கள். நான் ஏன் மறுக்கிறேன் என்பதை அவர் வாழ்க்கையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில், ஐந்தாம் காம்பராவில் அண்ணன் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நான் ஆசிரியையாகும் வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவிடவில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார். ரேடியோவைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், ரோட்டில் விளையாடிய ஒரு பிள்ளையின் செருப்பின் மேல் கொழுந்து லொறி ஏறியது. செருப்பு மட்டும்தான். மறுநாள் அண்ணன் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். லயத்துக்குக் கீழே, மேட்டின் அடியில் இருந்த துண்டு நிலம்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே சமதரை. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, உட்கார ஒரு சீமெந்து வாங்கு. ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேர் வாழும் குடும்பங்களுக்கு அதுவே கூடமானது. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும் தாய்மார் கூடையை இறக்கி வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்து போனார்கள். பிறந்தநாள் கேக் அங்கே வெட்டினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அங்கே நடந்தார்கள்.

இரண்டாம் வருட மழையில் ஊஞ்சலுக்குப் பின்னால் மேட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது. அதிகாரிகள் பார்த்துவிட்டு, மழை பலத்தால் விலகியிருங்கள் என்றார்கள். எவ்வளவு பெய்தால் பலத்த மழை என்று சொல்லவில்லை. அண்ணன் வெடிப்பின் இரு பக்கமும் காய்ந்த தேயிலைக் குச்சிகளை அடித்து, நடுவில் நைலோன் நூலைத் தொய்வாகக் கட்டினார். வெடிப்பு விரிந்தால் நூல் இறுகும். நூல் இறுகினால் இரண்டு பலகைகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பலகை இல்லையென்றால் பூங்கா இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

"மாமா, பலகைய ஊட்டுக்குள்ள கட்டி நீங்க மட்டும் ஆடுறீங்களா?" என்று என் மகள் கேட்பாள்.

"ஆமாடி, ஒங்கம்மா ஆட்டி விடுறா" என்பார்.

கோயில் திருவிழாவுக்குச் சாமி அந்த வழியாக வர இருந்தது. அண்ணன் கிளினிக்குக்காக ஹட்டன் போயிருந்தார். பூங்காவை அழகாக்கி அவரை மகிழ்விக்கலாம் என்று நாங்கள் பெண்கள் சேர்ந்து வெடிப்பைச் சேற்றால் நிரப்பினோம். அதன் மேல் டேலியா நட்டோம். ஊர்வலத்தில் யாருக்கும் காலில் தட்டக்கூடாது என்று குச்சிகளைப் பிடுங்கியது நான்.

திரும்பி வந்தவர் நெடுநேரம் நின்று பார்த்தார்.

"யாரு தங்கச்சி இத அடச்சது?"

"நாந்தாண்ணே. பாக்க அசிங்கமா இருந்துச்சு."

"பூ நல்லாத்தான் இருக்கு. இனிமே எதப் பாத்து நான் பலகையக் கழட்டுறது?"

அன்று அவர் ரேடியோவைத் துடைத்தார்.

அண்ணன் புதிதாக அடித்த குச்சிகள் எங்கள் சேற்றில் நிற்கவில்லை. அடுத்த வாரம் மூன்று நாள் மழை. மூன்றாம் நாள் பிற்பகல் மழை விட்டதும் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடினார்கள். என் மகளும் ஓடினாள். டேலியாச் செடிகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததை அண்ணன்தான் கண்டார். ஏசி விரட்டி எல்லோரையும் ஓரப் படிக்கட்டில் ஏற்றினார். ஒரு பலகையைக் கழற்றி என் மகளிடம் கொடுத்து, "அம்மாகிட்ட குடு, மாமா அடுத்தத எடுத்துட்டு வாறேன்" என்றார். பிள்ளைகள் லயத்தை அடைந்தார்கள். மேடு இறங்கியது.

கையால் மண் அள்ளிய அயலவர்களுக்கும், தார்ப்பாயும் தேநீரும் கொண்டுவந்த கடைக்கார நானாவுக்கும், எங்கள் மொழி தெரியாமலேயே இருட்டும் வரை எங்களோடு தோண்டிய பஸ் சாரதிக்கும், பதினாறாம் நாள் வரை சமைத்துப் போட்ட கீழ் லயத்துச் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுத்த பலகையை அண்ணனின் கையிலிருந்து எடுத்துத் தந்ததும் நீங்கள்தான்.

இப்போது மேல் லயத்தின் பின்சுவரிலிருந்து நான்கு எட்டுத் தூரத்தில் புதிய வெடிப்பு இருக்கிறது. அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. சென்ற வாரம் குச்சி அடித்து நூலைத் தொய்வாகக் கட்டினேன். இன்று காலை பாடசாலைக்குப் புறப்படும்போது தொட்டுப் பார்த்தேன். நூல் விறைத்து நிற்கிறது.

பலகைகள் இரண்டும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வராதீர்கள். மழை பிடித்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். சாவியை அதிபரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டுங்கள்.

அன்புத் தங்கை